புலிமியா உள்ளவர்களின் உடம்பைக் கவனிப்பது எப்படி: வார்டு சிஸ்டர் ஒருவரின் குறிப்புகள்

எங்கள் வார்டில் காலை ஆறரைக்கு ரத்தம் எடுத்து அனுப்பினால் பத்தரைக்கு ரிப்போர்ட் வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிற பெண், வயது 20, கட்டுக்கடங்காமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கிற புலிமியா நோய்க்காக வார்டில் சேர்ந்து இரண்டாவது நாள். பொட்டாசியம் 3.7. 3.5 முதல் 5 வரை நார்மல் என்பதால் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மதியம் எக்ஸ்ரே அறைக்குப் போக மாடிப்படி ஏறியவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "கால் ரெண்டும் பஞ்சு மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றாள். ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் 'மாதிரி ஹீமோலைஸ் ஆகியுள்ளது' என்று ஒரு வரி இருந்தது. நான் எண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மறுபடி ரத்தம் எடுத்தோம், இந்தத் தடவை நிதானமாக. 2.6.

மாதிரியில் சிவப்பணு உடைந்தால் அதற்குள் இருக்கிற பொட்டாசியம் வெளியே வந்துவிடும். குறைந்த எண் நார்மல் எண்ணாக வேஷம் போட்டுக்கொள்ளும். மற்ற நோயாளிகள் விஷயத்தில் இது சின்னத் தொந்தரவு, திரும்ப எடுத்தால் போயிற்று. புலிமியா நோயாளி விஷயத்தில் அப்படி இல்லை. அவர்களுடைய உடம்பில் உயிருக்கே ஆபத்தாக இருக்கக்கூடிய எண் இதுதான்.

செவிலியராக எனக்கு 21 வருடம். அதில் கடைசி ஒன்பது வருடம் மனநலப் பிரிவு. புதிதாக வருகிற சிஸ்டர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையும், வீட்டில் பார்த்துக்கொள்கிற அம்மா, அக்கா, கணவர் போன்றவர்களிடம் சொல்வதையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று நினைத்தேன். மருந்து எழுதுவதும் அளவு சொல்வதும் டாக்டர் வேலை. கண்ணை வைத்திருப்பது நம் வேலை.

முதலில் ஒன்று. இவர்கள் பார்க்க நன்றாக இருப்பார்கள். பெரும்பாலும் எடை நார்மலாகவோ கொஞ்சம் கூடவோதான் இருக்கும். சாப்பிடாமல் எலும்பும் தோலுமாக வருகிற அனோரெக்சியா நோயாளியைக் கண்டால் வாட்ச்மேன்கூட வழிவிடுவார். புலிமியா உள்ள பெண் வந்தால் "உனக்கு என்னம்மா குறைச்சல்?" என்று கேட்பார்கள். கட்டுக்கடங்காமல் சாப்பிடுவது, பிறகு அதை வாந்தியாலோ பேதி மாத்திரையாலோ பட்டினியாலோ 'சரிக்கட்டுவது' என்ற சுழற்சி அது. இதைத் தனி நோயாக முதலில் விவரித்தவர் லண்டனில் ஜெரால்டு ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர், 1979இல். அதற்கு முன்பும் இந்த நோய் இருந்திருக்கும். தராசை நம்பியதால் யார் கண்ணிலும் படவில்லை. இன்றைக்கும் தராசை நம்பினால் ஏமாந்துதான் போவோம். ஆண்களுக்கும் வரும், அதையும் மறந்துவிடக் கூடாது. ஜிம்முக்குப் போகிற பையன் என்றால் யாரும் கேட்பதே இல்லை.

கேட்கிற விதம்

பரிசோதனைக்கு முன்னால் பேச்சு. அம்மாவை ஏதாவது ஒரு வேலையாக வெளியே அனுப்புங்கள், "ஓபி சீட்டு ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்கம்மா" என்றால் போதும். கல்யாணமாகாத பெண் வாந்தி எடுக்கிறாள் என்றால் நம் ஊரில் குடும்பத்துக்கு முதலில் வருகிற பயம் வேறு. அந்தப் பயத்துக்கு அஞ்சியே பல பெண்கள் வருடக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். வீட்டுக்குத் தெரிந்தாலும் "பித்தம்" என்று இஞ்சிச் சாறு கொடுத்து முடித்துவிடுவார்கள்.

"வாந்தி எடுப்பியா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். நான் கேட்பது, "ரொம்ப மோசமான ஒரு நாள்ல எத்தனை தடவைம்மா ஆகும்?" என்று. ஆகிறது என்பதை நானே ஏற்றுக்கொண்டுவிட்டதால் மறைக்க ஒன்றும் இல்லை. எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அந்த எண்தான் எத்தனை நாளுக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். கூடவே கேட்க வேண்டியவை: பேதி மாத்திரை, நீர் பிரிய மாத்திரை, எடை குறைக்கிற பொடி ஏதாவது உண்டா? தலை சுற்றி விழுந்தது உண்டா? நெஞ்சு படபடப்பு? கெண்டைக்காலில் இழுத்துப் பிடிப்பது? வாந்தியில் ரத்தம்? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர் என்றால் ஊசியைத் தவிர்க்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். முதல் வகைச் சர்க்கரை நோயும் புலிமியாவும் சேர்ந்தவர்கள் எடைக்குப் பயந்து இன்சுலினைக் குறைத்துக்கொண்டால் ரத்தம் அமிலமாகிற கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்தில் வந்து நிற்பார்கள். கடைசியாக, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

கையும் கன்னமும்

நாடி பார்க்கிற சாக்கில் கையைப் பிடியுங்கள். விரல் முட்டிகளின் மேல்பக்கம் காய்ப்போ தழும்போ இருக்கிறதா? பற்கள் உரசி உரசி வருவது. இதற்கு ரஸ்ஸல் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இது இல்லையென்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, பலருக்கு இருக்கவே இருக்காது.

அப்புறம் கன்னம். காதுக்குக் கீழே தாடையோரம் இரண்டு பக்கமும் பொதபொதவென்று, வலியில்லாமல் வீங்கியிருந்தால் அது பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பி. பொன்னுக்கு வீங்கி என்று வேப்பிலை அரைத்துப் பற்றுப் போட்டுக் கூட்டிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பொன்னுக்கு வீங்கியில் வலியும் காய்ச்சலும் இருக்கும், சில நாளில் வடியும். இது வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். இன்னொரு வேடிக்கை, வாந்தியை நிறுத்திய மூன்று நான்கு நாளில்தான் சிலருக்கு இந்த வீக்கம் கூடும். கண்ணாடியில் பார்த்து "குண்டாயிட்டேன்" என்று மறுபடி தொடங்கிவிடுவார்கள். அதனால் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடமும், புளிப்பு மிட்டாய் சப்புவதும் இதற்குக் கொஞ்சம் உதவும். சர்க்கரை இல்லாத மிட்டாயாக இருந்தால் பல்லுக்கும் நல்லது.

கண்ணின் வெள்ளையில் திட்டாக ரத்தச் சிவப்பு, தொண்டை கரகரப்பு, வாயோரம் வெடிப்பு, இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பல் பெரிய சாட்சி. மேல்வரிசை முன்பற்களின் உட்பக்கம், அதாவது நாக்கு படுகிற பக்கம், எனாமல் அரிக்கப்பட்டு மழுமழுவென்றிருக்கும். வெளியிலிருந்து தெரியாது. டார்ச் அடித்து அண்ணாந்து பார்க்கச் சொன்னால்தான் தெரியும். பல முறை பல் டாக்டர்தான் இந்த நோயை முதலில் கண்டுபிடிக்கிறார். வாந்திக்குப் பிறகு உடனே பல் தேய்க்கக் கூடாது என்பதை எல்லாரிடமும் சொல்லுங்கள். அமிலம் பட்டு இளகிய எனாமலைப் பிரஷ் இன்னும் சீக்கிரம் தேய்த்து எடுத்துவிடும். தண்ணீரில் கொஞ்சம் ஆப்ப சோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தேய்த்தால் போதும். ஃபுளோரைடு பற்பசை நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

படுத்து ஒன்று, நின்று ஒன்று

ஓபியில் எல்லாருக்கும் உட்கார வைத்து ஒரு பிபி எடுத்து எழுதிவிடுவோம். இவர்களுக்கு அது போதாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிபியும் நாடியும் எடுங்கள். எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. மேல் அளவு 20 இறங்கினாலோ, கீழ் அளவு 10 இறங்கினாலோ, நாடி 30 ஏறினாலோ உடம்பில் நீர் குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், விழுந்துவிடுவார்கள். ஐந்து நிமிடம் யாருக்கு இருக்கிறது என்று புது சிஸ்டர்கள் கேட்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் மேலே சொன்ன கேள்விகளையெல்லாம் நான் கேட்பேன்.

ரத்தம்

கேட்க வேண்டிய பரிசோதனைகள்: சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட், யூரியா, கிரியாட்டினின், சர்க்கரை, மெக்னீசியம், பாஸ்பேட். லேபில் 'எலக்ட்ரோலைட்ஸ்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் மெக்னீசியம் வராது, தனியாக எழுத வேண்டும். மெக்னீசியம் குறைவாக இருக்கும்வரை பொட்டாசியத்தை எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது. இது தெரியாமல் ஒரு வாரம் சிரப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்த கேஸ்கள் உண்டு.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை: கையில் கட்டுகிற பட்டை (டூர்னிக்கே) ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கியிருக்கக் கூடாது. "கையை மூடித் திற, மூடித் திற" என்று சொல்லாதீர்கள், சதை அசைந்தாலே அந்தக் கையில் பொட்டாசியம் ஏறிவிடும். மெல்லிய ஊசியில் வேகமாக உறிஞ்சாதீர்கள், குழாயைக் குலுக்காதீர்கள், மாதிரியைக் காக்க வைக்காதீர்கள். ரிப்போர்ட் வந்ததும் எண்ணுக்குக் கீழே உள்ள வரியைப் படியுங்கள். நான் பட்டது போதும்.

வாந்தியில் பொட்டாசியம் நேராக வெளியேறுவது கொஞ்சம்தான். உடம்பு வறண்டு போவதால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கப் பார்க்கிறது, ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுகிறது, உப்பைப் பிடிக்கிற அந்த வேகத்தில் பொட்டாசியத்தைச் சிறுநீரில் விட்டுவிடுகிறது. அதனால்தான் நீர்ச்சத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியம் மட்டும் கொடுத்தால் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய கதையாகிறது. வாந்தி அதிகம் என்றால் பைகார்பனேட் ஏறி, குளோரைடு இறங்கியிருக்கும். பேதி அதிகம் என்றால் தொடக்கத்தில் பைகார்பனேட் இறங்கியும் இருக்கலாம். நோயாளி சொன்னதும் ரிப்போர்ட்டும் பொருந்தவில்லை என்றால் சண்டை போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எங்கள் பிரிவில் வைத்திருக்கிற கணக்கு இது. பொட்டாசியம் 3.5க்குக் கீழே போனால் டாக்டருக்குத் தகவல். 3க்குக் கீழே என்றால் அன்றைக்கே ஈசிஜி, அன்றைக்கே சிகிச்சை. 2.5க்குக் கீழே என்றால் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை என்று நோயாளி சிரித்துக்கொண்டு சொன்னாலும் மானிட்டர் வசதியுள்ள படுக்கை. சிரிப்பார்கள் என்பது நிஜம். மெல்ல மெல்ல இறங்கிய எண்ணுக்கு உடம்பு பழகிப்போயிருக்கும், இதயத் துடிப்புதான் ஒருநாள் திடீரென்று தடுமாறும். தினமும் வாந்தி எடுக்கிறவர், வாந்தியோடு பேதி மாத்திரையும் சேர்ப்பவர் என்றால் வாரம் ஒருமுறை ரத்தம். ஒருமுறை குறைந்து சிகிச்சை தொடங்கிவிட்டால் சீராகும்வரை அதற்கும் முன்பாகவே. நான்கைந்து வாரம் நார்மலாகவே வந்து, வாந்தியும் குறைந்தால் மாதம் ஒன்று. ஒரே ஒரு நார்மல் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நிம்மதி அடையாதீர்கள். அது அந்தக் காலை ஆறரை மணியின் கணக்கு மட்டுமே.

நீண்ட பட்டினி இருந்து மறுபடி சாப்பிடத் தொடங்குகிறவருக்கு பாஸ்பேட்டையும் முதல் சில நாள் பார்க்க வேண்டும், அது திடீரென்று இறங்கிவிடலாம். எடை நார்மல் என்பதால் இந்த ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது.

ஈசிஜியும் மாத்திரைச் சீட்டும்

பொட்டாசியம் குறைந்தால் ஈசிஜியில் டி அலை தட்டையாகும், அதன் பின்னால் யு அலை என்று சின்ன மேடு ஒன்று முளைக்கும், க்யூடி இடைவெளி, அதாவது ஒரு துடிப்புக்குப் பிறகு இதயம் மறுபடி தயாராக எடுக்கிற நேரம், நீளும். படிப்பது டாக்டர்தான். ஆனால் மெஷினே அச்சடிக்கிற க்யூடிசி எண்ணை (துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூடி) பார்க்க நமக்குத் தெரிய வேண்டும். பெண்களுக்கு 460க்கு மேல், ஆண்களுக்கு 450க்கு மேல் என்றால் சொல்லிவிடுங்கள். 500 தாண்டினால் ஓடுங்கள்.

அதோடு மாத்திரைப் பையை மேஜையில் கொட்டச் சொல்லுங்கள். வாந்தி என்றதும் மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கிற ஒன்டான்செட்ரான், நெஞ்செரிச்சலுக்கு வீட்டில் எப்போதும் கிடக்கிற பான்டோபிரசோல்-டோம்பெரிடோன் கேப்சூல் இரண்டும் க்யூடியை நீட்டக்கூடியவை. பான்டோபிரசோல் வகை மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் மெக்னீசியமும் இறங்கும். வாந்தியை நிறுத்தத்தான் மாத்திரை என்று நல்லெண்ணத்தில் கொடுத்திருப்பார்கள். ஏற்கெனவே பொட்டாசியம் இறங்கிய இதயத்துக்கு இது கூடுதல் சுமை. மன அழுத்த மருந்துகளில் ஃபுளூக்செடின் இந்த நோய்க்குப் பயன்படுவது. புப்ரோபியான் கூடாது, வலிப்பு வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். வேறு டாக்டர் புகையிலையை விடுவதற்காக அதை எழுதியிருக்கலாம், அதனால் சீட்டைப் பாருங்கள்.

"ஒரு டிரிப்ஸ் போட்டா சரியாயிடும்ல?"

எல்லா அம்மாக்களும் கேட்பது இது. ஒரு பெண்ணுக்கு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கிளினிக்கில், மயக்கத்துக்கு குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். குளுக்கோஸ் ஏறினால் இன்சுலின் சுரக்கும், இன்சுலின் மிச்சமிருக்கிற பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும். பொட்டாசியம் தெரியாமல் குளுக்கோஸ் ஏற்றினால் எண் இன்னும் இறங்கும் என்று அந்த அம்மாவுக்கு ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். அதற்காக சலைனை மளமளவென்று ஏற்றினாலும் சிக்கல்தான். வறட்சியால் கூடிய ஆல்டோஸ்டிரோன் இறங்க நாளாகும். அதுவரை ஏற்றிய நீரையெல்லாம் உடம்பு பிடித்துவைத்துக்கொள்ளும், கால் வீங்கும். மெதுவாக ஏற்ற வேண்டும். நரம்பில் பொட்டாசியம் கொடுப்பது டாக்டர் எழுதிய வேகத்தில் மட்டுமே, கையிலுள்ள சாதாரண லைனில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்டுக்கு மேல் வேண்டாம் என்பதுதான் வழக்கம். சிரிஞ்சில் நேராக அதை ஏற்றுவது மட்டும் ஒருநாளும் கூடாது.

இளநீர் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பொட்டாசியம் உள்ள பானம்தான், குடிக்கலாம். ஆனால் 2.6ஐ இளநீரால் தூக்க முடியாது. சிறுநீரகம் கெட்டிருந்தால் இளநீரே ஆபத்து. ஓஆர்எஸ் கரைசலில் லிட்டருக்கு 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் இருக்கிறது, நீர்வறட்சிக்கு அது நல்லது, ஆனால் மருந்துக்கு மாற்று ஆகாது. பொட்டாசியம் சிரப்பின் சுவை கொடுமையாக இருக்கும், வயிற்றைப் புண்ணாக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். கொடுத்த பிறகு ஒரு மணி நேரம் யாராவது கூடவே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற நேரமாகப் பாருங்கள். இல்லையென்றால் அதுவும் வெளியே போய்விடும்.

பேதி மாத்திரையை நிறுத்தினால் சில நாளைக்கு மலச்சிக்கலும் உடம்பு உப்பலும் வரும். ஒரே வாரத்தில் தராசில் இரண்டு கிலோகூட ஏறலாம். அது நீர், கொழுப்பு இல்லை, தானாக வடிந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவையுங்கள். வந்த பிறகு சொன்னால் நம்ப மாட்டார்கள்.

வீட்டில்

பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுக்காதீர்கள். அப்படிப் பிடித்தால் அடுத்த முறை இன்னும் நன்றாக ஒளிக்கக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான் கிடைக்கும். எடையைக் கத்தி அறிவிக்காதீர்கள். வார்டில் நான் தராசுக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்துத்தான் எடை பார்ப்பேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, பொட்டாசியம், படுத்த பிபி, நின்ற பிபி, புதிதாகச் சேர்ந்த மருந்து. ஒரு வரிக்கு மேல் வேண்டாம். ஈசிஜி தாளை நகல் எடுத்து ஒட்டுங்கள், அந்த வெப்பத் தாளில் எழுத்து வருடத்தில் அழிந்துவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் நோட்டைக் கொண்டுபோங்கள். அவசரத்தில் ராத்திரி டூட்டி டாக்டருக்கு அது ஒன்றே போதும்.

காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டியவை: மயங்கி விழுவது, வலிப்பு, நிற்காத படபடப்பு, கை கால் தூக்க முடியாத பலவீனம், வாந்தியில் ரத்தம் அல்லது காபித்தூள் மாதிரி கறுப்பு, வாந்திக்குப் பிறகு நெஞ்சிலோ முதுகிலோ குத்துகிற கடும் வலி, நிறையச் சாப்பிட்ட பிறகு வயிறு கல்லாக வீங்கி வாந்தியும் வராமல் வலிப்பது. இவற்றுக்கு இஞ்சிச் சாறும் வேண்டாம், காலை வரை பார்ப்போம் என்பதும் வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு மனது தாங்காமல் பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

ஆரம்பத்தில் சொன்ன பெண் அந்த வாரம் மூன்று நாள் மானிட்டரில் இருந்து, 3.9இல் வீட்டுக்குப் போனாள். இப்போது வேலைக்குப் போகிறாள். மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு வருவாள். தேர்வு சமயத்திலும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு முன்னும்தான் அவளுக்குத் திரும்ப வந்திருக்கிறது, நோட்டைப் புரட்டினால் தெரிகிறது. அதனால் தை மாதமும் ஆவணியும் நெருங்கும்போது அவளுடைய தேதியை இரண்டு வாரம் முன்னால் தள்ளி எழுதிவிடுவேன். "கல்யாணம் முடிஞ்சதும் வரேனே சிஸ்டர்" என்பாள். "பட்டுப்புடவை எடுக்கப் போற அன்னைக்கே வந்துட்டுப் போம்மா, லேபு வழியிலதான் இருக்கு" என்பேன்.